மலையிலிருந்து மேலாண்மை படிக்கச் செல்லும் முதலாண்டு மாணவர்களுக்கு

கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து உதகைக்கோ கோவைக்கோ போய் பி.காம்., பி.பி.ஏ. வகுப்புகளில் சேரும் பிள்ளைகளுக்குப் படிப்பின் தொடக்கத்திலேயே மேலாண்மைக் கோட்பாடுகள் என்ற தாள் வந்துவிடுகிறது. அதைத் தொடர்ந்து நிறுவன நடத்தை என்ற தாளும் வருகிறது. கணக்குப்பதிவியலையும் புள்ளியியலையும் கண்டு அஞ்சும் மாணவர்கள் இவ்விரண்டையும் கண்டு அஞ்சுவதில்லை. திட்டமிடல், தலைமை, ஊக்கம், குழு என்று எல்லாம் ஏற்கெனவே தெரிந்த சொற்களாக இருப்பதால், தேர்வுக்கு முந்தைய வாரம் கைடு ஒன்றைப் புரட்டினால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். இந்தத் தாள்களை மாணவனாகப் படித்து, பின்னர் பல ஆண்டுகளாகக் கற்பித்தும் வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலான மதிப்பெண்கள் பறிபோவது இந்த நினைப்பினால்தான்.

என்னுடைய முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில், ஊக்கம் பற்றிய கோட்பாடு ஒன்றை உங்களுக்குத் தெரிந்த ஒரு பணியிடத்துக்குப் பொருத்தி விளக்குக என்ற வினா வந்தது. நான் கோட்பாட்டைத் தலைப்பு, உட்தலைப்பு, படம் எல்லாம் போட்டு நான்கு பக்கம் எழுதினேன். பத்துக்கு நான்கு கிடைத்தது. தாளைத் திருப்பித் தரும்போது ஆசிரியர், "அம்மா எங்கேப்பா வேலை பார்க்கிறாங்க?" என்று கேட்டார். "தோட்டத்தில இலை எடுக்கிறாங்க, சார்" என்றேன். "அப்போ நாலு பக்கத்தில ஒரு தேயிலைச் செடிகூட ஏன் இல்லை?" என்றார். அன்று அவர் கேட்ட கேள்வியிலிருந்து நான் வகுத்துக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரே ஒரு பணியிடத்தைத் தேர்ந்துகொண்டு, ஆண்டு முழுவதும் படிக்கிற ஒவ்வொரு கோட்பாட்டையும் அந்த இடத்தில் வைத்துச் சோதித்துப் பார்ப்பதுதான் அந்த முறை.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது

பெரிய நிறுவனமாக இருக்கவேண்டும் என்பதில்லை. உங்கள் வீட்டில் ஒருவரோ நெருங்கிய உறவினரோ வேலை பார்க்கும் இடமாகவும், பத்துப் பேருக்கு மேல் பணிபுரியும் இடமாகவும், மேலும் கீழுமாகக் குறைந்தது மூன்று நிலைகள் உள்ள இடமாகவும் இருந்தால் போதும். தேயிலைத் தோட்டம், கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை, காய்கறி மண்டி, தங்கும் விடுதி, பேருந்துப் பணிமனை ஆகிய எதுவும் ஏற்றதே. முதலில் அனுமதி கேளுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதை மறைக்காதீர்கள். நோட்டில் எவருடைய பெயரையும் எழுதாதீர்கள். உங்களிடம் மனம்விட்டுப் பேசிய ஒரு தொழிலாளியின் சொல் மேஸ்திரியின் காதுக்குப் போனால் அதனால் வரும் சங்கடம் அவருக்குத்தானே தவிர உங்களுக்கில்லை.

முதல் வேலையாக அந்த இடத்தின் அமைப்பு வரைபடத்தை நீங்களே வரையுங்கள். தோட்டமென்றால் பெரிய துரை (மேலாளர்), சின்ன துரை (உதவி மேலாளர்), கண்டக்டர் (களப் பணி மேற்பார்வையாளர்), மேஸ்திரி, தொழிலாளி என்ற வரிசை இறங்கிவரும். அலுவலகக் கணக்கர், தோட்ட மருத்துவமனைச் செவிலியர், குழந்தைகள் காப்பக ஆயா ஆகியோரை எங்கே வைப்பது என்ற ஐயம் உடனே எழும். அவர்கள் இலை எடுப்பவர்களுக்குக் கட்டளையிடுவதில்லை. ஆனாலும் அவர்கள் இல்லாமல் வேலை நடக்காது. இந்த ஐயத்தைத்தான் பாடநூல் நேர்வழி அமைப்பு என்றும் துணைப்பணி அமைப்பு என்றும் பிரித்துப் பேசுகிறது. ஒரு மேஸ்திரியின் கீழ் எத்தனை பேர் என்று எண்ணினால் அது கட்டுப்பாட்டு வீச்சு. வரைந்து முடித்தபின் நூலைத் திறந்தால், வரையறைகளை மனப்பாடம் செய்யவேண்டிய தேவையே பாதியாகக் குறைந்துவிடும்.

சொற்களை எச்சரிக்கையோடு கையாள்வது

இந்தப் பாடத்தின் கடினம் புதிய சொற்களில் இல்லை. பழகிய சொற்களுக்குப் புதிய பொருள் இருப்பதில்தான் இருக்கிறது. கட்டுப்படுத்துதல் என்றதும் அதட்டுவதையும் அபராதம் போடுவதையும் மாணவர்கள் எழுதுகிறார்கள். மேலாண்மையில் அதன் பொருள் வேறு: எவ்வளவு வரவேண்டும் என்று முன்கூட்டி ஓர் அளவு வைத்து, உண்மையில் எவ்வளவு வந்தது என்று அளந்து, இரண்டுக்கும் இடையேயான வேறுபாட்டின் காரணத்தைக் கண்டு சரிசெய்வது. தேயிலைத் தொழிற்சாலையில் ஏறத்தாழ நாலு முதல் நாலரைக் கிலோ பசுந்தேயிலைக்கு ஒரு கிலோ தேயிலைத்தூள் கிடைக்கும். ஒரு வாரம் இந்த விகிதம் ஐந்துக்குப் போனால், தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீ மேக்கர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். மழையில் நனைந்த இலையா, முற்றிய இலை கலந்துவிட்டதா, வாட்டலில் குறையா, உலர்த்தும்போது சேதமா என்று ஒவ்வொரு நிலையாகப் பின்னோக்கிப் போய்ப் பார்ப்பார். அந்தத் தேடல்தான் கட்டுப்படுத்துதல். அதற்கு அளவுகோலை வகுத்துத் தந்தது திட்டமிடல். இரண்டும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்று நூலில் வரும் வாக்கியம், இந்த ஓர் எடுத்துக்காட்டோடு சேர்ந்தால் விடைத்தாளில் உயிர்பெறும்.

இதேபோல அதிகாரம் என்ற ஒரே தமிழ்ச் சொல்லின் கீழ் இரண்டு கருத்துகள் ஒளிந்திருக்கின்றன: பதவியினால் வரும் உரிமை ஒன்று, பிறரைச் செயல்படவைக்கும் ஆற்றல் மற்றொன்று. சின்ன துரைக்கு முதலாவது இருக்கும். முப்பது ஆண்டுகள் இலை எடுத்த ஓர் அக்காவுக்குப் பதவியே இல்லாமல் இரண்டாவது இருக்கும். நோட்டின் கடைசிப் பத்துப் பக்கங்களை இத்தகைய சொற்களுக்கென ஒதுக்கி, ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல், உங்கள் பணியிடத்திலிருந்து ஒரு வரி எடுத்துக்காட்டு என்று மூன்று நெடுவரிசைகளாக எழுதிவாருங்கள்.

கோட்பாடுகளைப் படிக்கும் விதம்

ஒவ்வொரு கோட்பாட்டையும் படிக்கும்போது மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். யாரைப் பார்த்து, எங்கே, எப்போது இது சொல்லப்பட்டது? ஒரே வாக்கியத்தில் சொன்னால் அது என்ன சொல்கிறது? நான் தேர்ந்த இடத்தில் எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தாமல் போகிறது? மூன்றாவது கேள்வியின் பின்பாதியைத்தான் மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். நல்ல விடைக்கும் நடுத்தர விடைக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் உருவாகிறது.

டெய்லரை எடுத்துக்கொள்வோம். அறிவியல்முறை மேலாண்மை பற்றிய அவருடைய நூல் 1911இல் வந்தது. அமெரிக்காவின் பெத்லகேம் எஃகு ஆலையில், ஏறத்தாழ 42 கிலோ எடையுள்ள வார்ப்பிரும்புக் கட்டிகளைத் தூக்கிச் சரக்குப் பெட்டியில் ஏற்றும் தொழிலாளி நாளொன்றுக்கு 12.5 டன் ஏற்றிவந்த இடத்தில், எப்போது தூக்குவது, எப்போது ஓய்வெடுப்பது என்று வகுத்துக் கொடுத்தபின் 47.5 டன் ஏற்றினார் என்றும், அவருடைய நாள்கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது என்றும் டெய்லர் எழுதுகிறார். இந்த எண்களை அப்படியே மனப்பாடம் செய்துவிட்டு நகராதீர்கள், வகுத்துப் பாருங்கள். வேலை 3.8 மடங்காகியிருக்கிறது, கூலியோ 1.6 மடங்கு. இந்த ஒரு கணக்கு, டெய்லர் மீதான தொழிற்சங்கங்களின் எதிர்ப்பை எந்தப் பத்தியையும்விடத் தெளிவாக விளக்கும். டெய்லர் இந்நிகழ்ச்சியைச் சொன்ன விதத்தையே பிற்கால ஆய்வாளர்கள் கேள்விக்கு உள்ளாக்கியிருக்கிறார்கள் என்பதையும் ஒரு வரி சேர்க்கலாம். பிறகு தோட்டத்துக்கு வாருங்கள். நாளுக்கு இத்தனை கிலோ என்ற அடிப்படை அளவும், அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் காசும் டெய்லரின் சிந்தனைக்கு மிக நெருக்கமானவை. ஆனால் வார்ப்பிரும்புக் கட்டிகள் எல்லாம் ஒரே எடை. தேயிலைச் செடி அப்படியில்லை. தோட்டத்தின் சரிவான காட்டிலும் சமமான காட்டிலும், கவாத்து செய்த (கிளைகளை வெட்டிவிட்ட) இரண்டாம் ஆண்டிலும் நான்காம் ஆண்டிலும் இலை ஒன்றுபோல வருவதில்லை. கோட்பாடு எங்கே பொருந்தாமல் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

ஃபயோலின் 14 கொள்கைகளைப் பலர் பாட்டுப்போல ஒப்பிக்கிறார்கள். அவர் பிரான்சில் சுரங்க நிறுவனம் ஒன்றை நிர்வகித்தவர். அவருடைய நூல் 1916இல் வெளிவந்தது. டெய்லர் தொழிலாளியின் கையிலிருந்து மேல்நோக்கிப் பார்த்தார், ஃபயோல் நிர்வாகியின் நாற்காலியிலிருந்து கீழ்நோக்கிப் பார்த்தார் என்று பிடித்துக்கொண்டால் இருவரையும் குழப்பிக்கொள்ளமாட்டீர்கள். ஒரு தொழிலாளிக்கு எட்டு மேற்பார்வையாளர்கள் என்று டெய்லர் பரிந்துரைத்ததும், ஒருவருக்கு ஒரே மேலதிகாரிதான் கட்டளையிடவேண்டும் என்று ஃபயோல் வற்புறுத்தியதும் நேருக்கு நேர் மோதுகின்றன. அந்த மோதலை எழுதத் தெரிந்தவர் 14 கொள்கைகளையும் வரிசை மாறாமல் எழுதியவரைவிட மேலானவர் என்பதே என் கருத்து.

அடுத்து ஹாதார்ன் ஆய்வுகள். இந்தப் பாடத்திட்டத்தில் அதிக நேரம் செலவிடத் தகுந்த பகுதி இதுவே. ஆனால் கைடுகளில் அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. சிகாகோவுக்கு அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் 1924இல் விளக்கு வெளிச்சத்துக்கும் உற்பத்திக்கும் உள்ள தொடர்பை அளக்கத் தொடங்கினார்கள். வெளிச்சத்துக்கும் உற்பத்திக்கும் நேரான தொடர்பு எதுவும் தென்படவில்லை. 1927இல் ஆறு பெண்களைத் தனி அறையில் அமர்த்தி, இடைவேளை, வேலை நேரம், சிற்றுண்டி என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தபோது உற்பத்தி பொதுவாக உயர்ந்துகொண்டே போனது. கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வே காரணம் என்று பெரும்பாலான நூல்கள் முடித்துவிடும். அங்கே நிறுத்தாதீர்கள். அந்த அறையில் கூலி கணக்கிடும் முறையும் மாறியிருந்தது: பெரிய பிரிவின் மொத்த உற்பத்தியைச் சார்ந்திருந்த ஊதியம், அந்தச் சிறு குழுவின் உற்பத்தியைச் சார்ந்ததாக ஆக்கப்பட்டிருந்தது. ஒத்துழைக்கவில்லை என்று கருதப்பட்ட இரு பெண்கள் இடையில் மாற்றப்பட்டார்கள். ஆகவே உற்பத்தி உயர்ந்தது கவனிப்பினாலா, காசினாலா, ஆள் மாற்றத்தினாலா என்று பிரித்தறிவது எளிதல்ல. ஓர் ஆய்வை இப்படிக் கேள்வி கேட்கப் பழகுவதுதான் பல்கலைக்கழகப் படிப்பு.

அதே ஆலையில் 1931இல் தொடங்கிய மற்றோர் ஆய்வில், மின்கம்பி இணைக்கும் அறையில் 14 ஆண்களைக் கவனித்தார்கள். அவர்கள் தங்களுக்குள் ஒரு நாளின் நியாயமான அளவு இவ்வளவுதான் என்று வகுத்துக்கொண்டு, அதை மீறி அதிகம் செய்தவரின் தோளுக்குக் கீழே முஷ்டியால் ஒரு குத்து விட்டார்கள். இதை வகுப்பில் படித்த வாரம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வியக்கவே இல்லை. புதிதாகச் சேர்ந்த காலத்தில் நிரையில் வேகமாகப் போனபோது பக்கத்து நிரை அக்கா, "மெதுவாப் போ தங்கச்சி, நாளைக்கு இதையே எல்லாருக்கும் கணக்கா வச்சிருவாங்க" என்று சொன்னதை நினைவுகூர்ந்தார். அடிப்படை அளவை உயர்த்திவிடுவார்களோ என்ற அந்த அச்சமும், சிகாகோ ஆண்களின் குத்தும் ஒரே காரணத்திலிருந்து வருகின்றன. முறைசாராக் குழு, குழு நெறி என்ற இரண்டு கருத்துகளையும் நான் அதன்பின் மறந்ததே இல்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நினைவு இருக்கும், கேட்டு எழுதுங்கள்.

ஊக்கக் கோட்பாடுகளில், மனிதத் தேவைகளை அடிப்படையானவற்றிலிருந்து மேல்நோக்கி வரிசைப்படுத்தி மாஸ்லோ 1943இல் எழுதிய கட்டுரையில் பிரமிடுப் படம் கிடையாது; அது பின்னர் வந்தவர்கள் வரைந்தது. தேவைகளின் வரிசை கறாரானதல்ல என்பதையும் அவரே அக்கட்டுரையில் சொல்லியிருக்கிறார். தாங்கள் வயிற்றைக் கட்டிக்கொண்டு பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோர் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஹெர்ஸ்பெர்க் 1959இல் வெளியிட்ட ஆய்வு, பிட்ஸ்பர்க் பகுதியின் இருநூறு பொறியாளர்களையும் கணக்காளர்களையும் அடிப்படையாகக் கொண்டது. அதிருப்தியைத் தவிர்ப்பவை வேறு, ஊக்கம் தருபவை வேறு என்பது அவருடைய முடிவு. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, மருத்துவம், குடிநீர், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றை உரிமையாளரின் கடமையாக்கியது. தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டின் ஒழுகும் கூரையைச் சரிசெய்தால் கோபம் தணியும். அதனாலேயே மறுநாள் வேலையில் ஈடுபாடு பெருகிவிடாது. இங்கே கோட்பாடு பொருந்துகிறது. கூலியையும் அதிருப்தியைத் தவிர்ப்பவற்றின் பட்டியலில் வைத்து, அது ஊக்கம் தராது என்று தோட்டத்தில் சொல்லமுடியுமா என்பது எனக்கு இன்றும் ஐயமே. மாதச் சம்பளம் பெறும் கணக்காளரிடம் கேட்ட கேள்வியை நாள்கூலி பெறுபவரிடம் கேட்டால் விடை மாறக்கூடும்.

விரூமின் எதிர்பார்ப்புக் கோட்பாட்டில் முயற்சி பலிக்கும் என்ற நம்பிக்கை, பலித்தால் வெகுமதி கிடைக்கும் என்ற நம்பிக்கை, அந்த வெகுமதிக்கு நாம் தரும் மதிப்பு ஆகிய மூன்றும் பெருக்கப்படுகின்றன. எது சுழியமானாலும் மொத்தமும் சுழியம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து கொழுந்து கருகிக் கிடக்கும்போது, கூடுதல் கிலோவுக்கு எவ்வளவு காசு அறிவித்தாலும் பயனில்லை. எடுக்க இலை இருந்தால்தானே? ஆடம்ஸின் சமநிலைக் கோட்பாட்டை நான் புரிந்துகொண்டது எடை போடும் கொட்டகையில். ஒரு மழைநாள் மாலையில் ஒரே காட்டிலிருந்து நனைந்த மூட்டைகளோடு இருவர் வந்தார்கள். முதலில் நின்றவருக்குத் தண்ணீருக்கென்று ஒரு கிலோ கழித்தார்கள். அடுத்தவருக்கு இரண்டு கிலோ. கழிவு உண்டு என்பது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி எவரும் பேசவில்லை. பக்கத்தில் நின்றவரோடு ஒப்பிட்டதுதான் அந்த இரண்டாமவரை அன்று முழுவதும் பேசாமல் இருக்கச்செய்தது. மறுநாள் அவருடைய மூட்டையில் முற்றிய இலை கூடுதலாகக் கிடந்தது. உழைப்பைக் குறைத்து நியாயத்தைச் சமன்செய்வது என்று நூல் சொல்வது இதைத்தான்.

தலைமைப் பாணிகள் பகுதியைச் சுருக்கமாகப் படித்தால் போதும். அது அயோவாவில் சிறுவர் குழுக்களை வைத்து லெவினும் உடன் ஆய்வாளர்களும் நடத்தி 1939இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது என்பதை மட்டும் மறக்கவேண்டாம். டக்மன் 1965இல் சொன்ன குழு வளர்ச்சி நிலைகளும் பெரும்பாலும் சிகிச்சைக் குழுக்கள், பயிற்சிக் குழுக்கள் பற்றிய கட்டுரைகளிலிருந்து எடுக்கப்பட்டவை.

ஒருங்கிணைப்பு, தகவல் தொடர்பு ஆகிய தலைப்புகளுக்கு நம் மலையிலேயே அருமையான எடுத்துக்காட்டு ஓடுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டர் ஏறும் மலை ரயிலில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே, தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட சட்டம் பதித்த பல்சட்டப் பாதையில் 12 அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றம் வருகிறது. அங்கே எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுவதால், முன்னே பாதையில் என்ன இருக்கிறது என்று ஓட்டுநருக்குத் தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் நிற்கும் பிரேக்மேன் பார்த்துக் கொடி காட்ட, பெட்டிதோறும் நிற்பவர்கள் அதைப் பின்னால் கடத்த, ஓட்டுநர் அதன்படி இயக்குகிறார். தகவலை அனுப்புபவர், வழி, பெறுபவர், தடை, மறுமொழி என்று நூலிலுள்ள ஐந்து கூறுகளையும் அந்தக் கொடியில் காட்டலாம். மூடுபனி இறங்கினால் தடை எது என்று சொல்லவும் வேண்டியதில்லை.

எழுதுவதும் தேர்வும்

தமிழ்வழியில் பள்ளி முடித்தவர்கள் ஆங்கிலத்தில் விடை எழுதவேண்டியிருக்கிறதே என்று தயங்குகிறார்கள். முதலில் தமிழில் ஐந்து வரியில் எழுதி, அது சரியாகப் புரிந்திருக்கிறது என்று உறுதியானபின் சிறுசிறு ஆங்கில வாக்கியங்களாக மாற்றுங்கள். ஆங்கிலப் பத்தியை முதலிலேயே மனப்பாடம் செய்தால், வினா சற்றே திரும்பி வந்தாலும் கை நின்றுவிடும்.

கூடலூரிலிருந்து உதகைக்குப் பேருந்தில் வருபவர்களுக்கு நாள்தோறும் நான்கு மணி நேரம் வழியிலேயே கழிகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் புத்தகம் படித்தால் தலை சுற்றும், படிக்கவேண்டாம். முந்தைய நாள் படித்த ஒரு கோட்பாட்டுக்கு மேற்சொன்ன மூன்று விடைகளையும் மனத்துக்குள் சொல்லிப்பாருங்கள். தடுக்கிய இடத்தை இறங்கியதும் குறித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மண்சரிவும் விடுமுறையும் வந்து வகுப்புகள் குறையும் என்பதால், அந்த மாதங்களுக்கான பகுதியை ஒரு வாரம் முன்னதாகவே முடித்துவைப்பது நல்லது.

குழுத் திட்டப்பணி தரும்போது, யார் எந்தப் பகுதி, எந்த நாளுக்குள் என்று முதல் கூட்டத்திலேயே எழுதி எல்லாரும் கையெழுத்திடுங்கள். ஒருவர் வேலையைச் செய்யாமல் நழுவினால் மனத்தாங்கலோடு அவருடைய பகுதியையும் நீங்களே எழுதிவிடாதீர்கள். குழுவில் தனியாள் முயற்சி குறைவது பற்றி அதே தாளில் படிக்கிறீர்கள், அதற்கான தீர்வு தனித்தனிப் பங்கு கண்ணுக்குத் தெரியும்படி செய்வது என்பதையும் படிக்கிறீர்கள்.

பழைய வினாத்தாள்களைச் சேகரித்து, வினாவின் வினைச்சொல்லின் கீழ் கோடிடுங்கள். வரையறு, விளக்கு, ஒப்பிடு, திறனாய்வு செய் ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு வேலையைக் கேட்கிறது. ஒப்பிடு என்ற இடத்தில் இரண்டையும் தனித்தனியே விளக்கிவிட்டு நிறுத்துபவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். பெரிய விடையில் முதல் பத்தியில் கோட்பாட்டை ஒரே வாக்கியத்தில் சொல்லி, அது பிறந்த இடத்தையும் ஆண்டையும் கொடுத்து, அடுத்து அதன் கூறுகளை விரித்து, உங்கள் பணியிடத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டை விவரமாக வைத்து, பொருந்தாத இடத்தைச் சுட்டி முடியுங்கள். எடுத்துக்காட்டுக்கு ஆறேழு வரிகள் போதும். அது கதையாக நீண்டுவிட்டால் கூறுகளுக்கு நேரம் இருக்காது.

தேர்வு முடிந்ததும் அந்த நோட்டைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். பின்னர் மனிதவள மேலாண்மைத் தாள் வரும்போது ஆளெடுப்பு, பயிற்சி, கூலி நிர்ணயம், குறைதீர்ப்பு என்று அதே இடத்துக்கு அதே நோட்டோடு மீண்டும் போகவேண்டியிருக்கும். அதற்காக நடுவில் இருபது பக்கங்களை வெறுமையாக விட்டுவையுங்கள்.